சின்யோராவுக்குச் சொன்ன ஏரிகள்

1996 தை 16, செவ்வாய்

இன்றும் படைக்காரர் நிற்கும் தெருவால் போகவில்லை. சுற்றிப் போனதில் கால்மணி நேரம் பிந்திவிட்டது. தொண்ணூற்றிரண்டில் இந்தப் பலெர்மோவில் மாஃபியாக்காரர் நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு வந்த படைக்காரர். நான் வேலை செய்கிற சின்யோராவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு நீதவானின் வாசலில் துவக்கோடு நிற்கிறார்கள். பிஸ்கட் தின்றுகொண்டு நிற்கிற இளம் பெடியள்தான். இருந்தாலும் என் கால் அந்தப் பக்கம் போகாது.

சின்யோரா நின்ஃபா கதவடியில் நின்றார். "அரூ, உம்மட மணிக்கூடு இஞ்சையோ, இலங்கையிலயோ ஓடுது?" என்றார். அருள்நாயகி என்ற முழுப் பெயர் இந்த ஐந்து வருடத்தில் அவர் வாயில் வந்ததே இல்லை. இந்த ஊர்க்காரர் ஆரைக் கூப்பிட்டாலும் பெயரின் வாலை நறுக்கிவிடுவார்கள்.

மத்தியானம் மருந்து கொடுக்கும்போது ஒரு செய்தி சொன்னார். மகன் கஸ்பாரே ஆடி மாதம் தாயை அயர்லாந்துக்குக் கூட்டிப் போகிறாராம். அங்கே கவன் என்று ஒரு மாவட்டம். கடலே தொடாத மாவட்டம். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை ஏரியாம். கஸ்பாரே வருடா வருடம் அங்கே போய்ப் பெரிய மீன் பிடித்து, படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே திரும்ப விடுகிறவர். எங்கள் ஊர் மன்னாரில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"நீரும் வாறீர்" என்றார் சின்யோரா. கேட்கவில்லை. சொன்னார்.

தை 19, வெள்ளி

கஸ்பாரே ஒரு படப் புத்தகம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கவன் மாவட்டத்துக்கு வருகிற வெளிநாட்டாருக்கு அச்சடித்தது. சின்யோராவால் பார்க்க முடியாது. சீனி வருத்தம் கண்ணின் நடுவைத் தின்றுவிட்டது. ஓரத்தால் நிழலும் நிறமும் கொஞ்சம் தெரியும். வருட முடிவில் அதுவும் போகும் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அதற்குமுன் போக வேண்டும் என்று நிற்கிறார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்தவர், உரோமாபுரிக்கு அப்பால் போகாதவர்.

"படத்தைச் சொல்லும்" என்றார். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் குன்றுகள், கூடையில் முட்டை அடுக்கினது போல. "ஓம், அதுதான்! பனிக்கட்டி உருட்டி விட்டுப்போன மண்" என்று கை தட்டினார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, கடைசிப் பக்கத்தில் வரைபடம் வரும்வரை. வடக்கே சிவப்புப் புள்ளிகள், என்னவென்று சின்யோராவைக் கேட்டேன்.

"அது எல்லை. அங்கால இங்கிலாந்துக்காரரின்ர பகுதி."

"அங்கை ஆமிக்காரர் நிக்கினமோ?"

"நிண்டவை. இப்ப ஒண்டரை வருசமாச் சண்டை நிப்பாட்டியிருக்கினம். மூடின ரோட்டெல்லாம் திறந்திட்டினமாம்."

ரோடு திறந்திட்டினம். இதே சொல்லைத்தான் தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் நான் என் மகன் டெனிஸ்டனுக்குச் சொன்னேன். "சமாதானம் மேனை, ரோடு திறந்திட்டினம், போட்டு வா." என்னுடைய பாஸ்போட் அலுவலாக வவுனியாவுக்குப் போனவன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். எல்லாரும் திரும்ப ஏறினார்கள். அவன் ஏறவில்லை. இன்றுவரை ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோப்பி போடப் போனேன். 

தை 23, செவ்வாய்

அயர்லாந்துக்குப் போகேலாது என்று சறோஜாவிடம் சொன்னேன். மகள்தானே, விளங்கும் என்று நினைத்தேன். அவள் வேலையால் வந்த களைப்பில் காலை நீட்டிக்கொண்டு, "அம்மா, இஞ்சை இருக்க உங்களுக்குத் தந்த பெர்மெசோ சின்யோரா கையெழுத்து வைச்சு வந்தது. மாட்டன் எண்டால் அடுத்த முறை குவெஸ்தூராப் பொலிசிலை ஆரைக் காட்டுவியள்?" என்றாள். பேந்து கொஞ்சம் இரங்கி, "பயமாக் கிடக்கெண்டு உள்ளதைச் சொல்லுங்கோவன்" என்றாள்.

பயமோ? எனக்கோ? சீசா என்ற இந்தப் பகுதியில், இந்தக் கட்டடத்தில் உள்ள தமிழ்ச் சனம் முழுக்க ஒரு அலுவலென்றால் என்னைத்தான் முன்னுக்கு விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஐம்பத்தைந்து வயதில் வந்து பாஷை பிடித்து, தனியே பஸ் ஏறி, கபோ சந்தையில் மீன்காரனோடு வாய் காட்டி விலை குறைக்கிறவள். பயம் என்று என் வாயால் வராது.

அப்படியென்றால் என்ன செய்வது? சின்யோராவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

தை 30, செவ்வாய்

பொய் சொல்லிவிட்டேன்.

படத்தில் ஒரு ஏரி. நடுவில் வட்டமான ஒரு கோட்டை, பாதி இடிந்து. சுற்றிவரப் பச்சை. நான் சொன்னது: "தண்ணி வத்திக் கிடக்கு, சின்யோரா. கரையெல்லாம் வெள்ளை. மரம் இல்லை. முள்ளுப் பத்தைதான்."

"வெள்ளையோ? மணலோ?"

"உப்புப் பூத்துக் கிடக்கிற மாதிரி."

சின்யோரா கையை மடிக்கு எடுத்துக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது. வேலை செய்கிறது என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டும். சுவாமியாரிடம் எப்படிச் சொல்வது? குருட்டு மனுசிக்கு ஏரியை வற்றப் பண்ணினேன் என்றோ?

மாசி 1

நேற்றுக் கொழும்பில் குண்டு. எழுத முடியவில்லை.

மாசி 10, சனி

டெலிவிசனில் இலண்டன். நேற்றுப் பின்னேரம் குண்டு. அயர்லாந்துக்காரரின் சண்டை நிப்பாட்டு முடிந்ததாம். உடைந்த கண்ணாடி, புகை, பொலிஸ்காரர் நாடா கட்டுகிறார்கள். எல்லா ஊரிலும் ஒரே நாடாதான் போல.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசாகியது. இனிப் போகமாட்டார்கள். செத்தவர்களுக்கு ஒரு பரமண்டலச் செபம்கூடச் சொல்லாமல் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

பின்னேரம் கஸ்பாரே தாயைப் பார்க்க வந்தார். "அது லண்டன், மம்மா. கவன்ல மாடும் மீனும்தான் இருக்கு. மாடு குண்டு வைக்காது" என்று சிரித்தார். பெரிய எஞ்சினியர். இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்களூரிலும் இப்படித்தான் சிரித்தோம்.

மாசி 22, வியாழன்

பொய் வளர்ந்துகொண்டு போகிறது. ஒரு தேவாலயத்தின் இடிபாடு, பக்கத்தில் உயரமான வட்டக் கோபுரம். நான் கோபுரத்தை விட்டுவிட்டு, கூரை இல்லாத வீடுகள், மண்மூட்டை அடுக்கின சந்தி என்று சொன்னேன். ஆற்றங்கரையில் ஒரு மரம், வயிறு வீங்கினது போல பருத்து, இலை இல்லாமல் நிற்கிறது என்றேன். ரோட்டில் கழுதைகள், சொந்தக்காரர் இல்லாமல்.

எங்கிருந்து வருகிறது இதெல்லாம்? வாயைத் திறந்தால் வந்துவிடுகிறது. படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறேன், ஆனால் படம் தெரியவில்லை.

கல்லில் வெட்டின ஒரு தலையின் படமும் இருந்தது. ஒரே தலைக்கு மூன்று முகம். அதைமட்டும் உள்ளபடி சொன்னேன். பொய் சொல்லத் துணிவு வரவில்லை. மூன்றும் என்னையே பார்த்தன.

பங்குனி 5, செவ்வாய்

பிடிபட்டுவிட்டேன்.

சவர்க்காரம் போட்டுச் சின்யோராவின் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமலே கேட்டார். "அரூ, வருசத்திலை இருநூறு நாள் மழை பெய்யிற நாட்டிலை உப்பு எப்பிடிப் பூக்கும்?"

நான் தண்ணீரை அள்ளி முதுகில் ஊற்றினேன்.

"கழுதையை விடுவம். கழுதை அங்கையும் இருக்கலாம். ஆனால் அந்த மரம்! வயிறு வைச்ச மரம் ஆபிரிக்காவிலை நிக்குது. மடகஸ்காரிலை நிக்குது. அராபியர் கொண்டுபோய் உங்கட கரையிலும் கொஞ்சம் நட்டவை. நாப்பது வருசம் படிப்பிச்சனான். அயர்லாந்திலை நட்டு வைச்சவள் நீர் ஒராள்தான்." பிறகு குரல் மாறியது. "நீர் எனக்கு இவ்வளவு நாளும் சொன்னது எந்த ஊர்?"

"மன்னார்" என்றேன்.

தண்ணீர் ஆறிப்போகும்வரை சொன்னேன். டெனிஸ்டன், ரோடு, பஸ், நான் சொன்ன அந்தச் சொல். இந்த ஊரில் சுவாமியாருக்கும் சறோஜாவுக்கும் தவிர ஒருவருக்கும் சொல்லாதது. சின்யோரா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

"உமக்குப் பயம்" என்றார்.

"ஓம்" என்றேன். வாயால் வந்துவிட்டது.

"எனக்கும். வேறை பயம். படிப்பிச்சது ஒண்டையும் பாக்காமல் இருட்டுக்குள்ளை போயிடுவன் எண்டு." துவாயைக் கேட்டு வாங்கினார். "நீர் இரும். உமக்குப் பதிலா ரெண்டாம் மாடிக் கொலெட்டைக் கேக்கிறன். பெர்மெசோவைப் பற்றி யோசியாதையும், கையெழுத்து என்ர கையிலைதான் இருக்கு."

வெளிக்கிடும்போது கையில் ஒரு தோடம்பழம் தந்தார். கோபத்தில் இருந்தால் தரமாட்டார். அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

பங்குனி 9, சனி

கொலெட் இரண்டாம் மாடியில் வேலை செய்கிற மொரீசியஸ்காரி. பூட்டன் தமிழனாம், அவளுக்கு முருகன் பேரைத் தவிர ஒரு சொல் தெரியாது. என்னை "நோன்னா" என்று இத்தாலியனில் கூப்பிடுவாள், பாட்டி என்று. படிக்கட்டில் மறித்து, "நோன்னா, நீங்கள் இஞ்சை இருந்து பூனைக்குச் சோறு வையுங்கோ. நான் போய் அயர்லாந்துக்காரனைக் கலியாணம் முடிச்சுக்கொண்டு வாறன்" என்றாள். நானும் சிரித்தேன். படி இறங்கிய பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாய்ப் போயிற்று. என்ன கோதாரி இது?

சித்திரை 7, உயிர்த்த ஞாயிறு

பூசை முடிய, சறோஜா செய்த பலகாரம் கொண்டு சின்யோராவிடம் போனேன். கொலெட் மடியில் படப் புத்தகத்தோடு இருந்தாள்.

"என்ன தெரியுது?" சின்யோரா.

"ஏரி."

"சரி, அடுத்தது?"

"ஏரி. வடிவாக் கிடக்கு." பக்கம் புரட்டினாள். "ஐயோ, திரும்பவும் ஏரி. இவங்களுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

சின்யோரா கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பில் படிக்காத பிள்ளையிடம் தோற்றுப்போன வாத்தியார் மாதிரி இருந்தது அந்த முகம்.

புத்தகத்தைப் பறித்தேன். பலகாரத் தட்டைக் கொலெட்டிடம் கொடுத்தேன். பார்த்தேன், இந்த முறை படத்தை. "தண்ணிக்கு நடுவிலை ஒரு கோட்டை, சின்யோரா. கிணத்துக் கட்டு மாதிரி வட்டம். ஒரு பக்கம் இடிஞ்சு உள்ளுக்குத் தெரியுது. உள்ளுக்குச் செடி முளைச்சிருக்கு. சுவருக்கும் தண்ணிக்கும் இடையிலை ஒராள் நடக்கத்தான் இடம். வள்ளம் இல்லாமல் போகேலாது. தண்ணி கறுப்பு, ஓரத்திலை மட்டும் வானத்தின்ர நிறம். முந்திச் சொன்ன ஏரியும் இதுதான். அப்ப வத்திக் கிடக்கெண்டு சொன்னனான்."

"கரையிலை?"

"நாணல். பச்சை எண்டால், கண் கூசிற பச்சை."

"மரம்?"

"வயிறு இல்லாத மரம்" என்றேன். சின்யோரா சிரித்த சிரிப்பில் பல்லுக்கட்டு கழன்றது.

வீட்டுக்கு வெளிக்கிடும்போதுதான் என் வாய் சொன்னது கேட்டது. "ஆடியிலை நான் வாறன்." ஆர் சொல்லச் சொன்னது? அந்தோனியாரே, ஆர் சொல்லச் சொன்னது?

வைகாசி 13, திங்கள்

விசாப் பத்திரம். பேத்தி அமலினி நிரப்பினாள். கெட்டிக்காரி, வகுப்பில் முதலாம் பிள்ளை, ஆங்கிலம் இத்தாலியன் இரண்டும் தண்ணீர் மாதிரி. பெயர், பிறந்த இடம், போகிற காரணம் என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவளின் பேனை ஓரிடத்தில் நின்றது.

"அம்மம்மா, பிள்ளைகள் எத்தினை எண்டு கேட்டிருக்கு."

அடுக்களையில் சறோஜா தேய்த்துக்கொண்டிருந்த சட்டியின் சத்தமும் நின்றது.

"ரெண்டு" என்றேன். "எழுது பிள்ளை."

"இருக்கிற விலாசம் கேட்டிருக்கு."

நான் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். அமலினி எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், விசா கொடுக்கிறவர்கள் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் மன்றாடுகிறேன். நான் வரமாட்டேன் என்று சொல்லாமலே வராமல் இருக்கலாம். மரியாதையும் போகாது.

ஆனி 20, வியாழன்

விசா வந்துவிட்டது. பச்சை முத்திரை.

ஆடி 9, செவ்வாய்

அங்கே வடக்கில் கலவரம். ஒரு ஊர்வலத்தை மறித்ததால் தொடங்கினதாம். வாகனங்கள் எரிகின்றன, ரோட்டுக்குக் குறுக்கே மரம், முகமூடி போட்ட ஆட்கள். கவன் எல்லைக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் வரைபடத்தில் நான் விரலால் அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடை.

சறோஜா அழுதாள். "ஒருத்தன் போனது காணாதோ, அம்மா?" மருமகன் பெனடிக்ற் டெலிவிசனை நிற்பாட்டினார்.

சின்யோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் செய்தி கேட்டிருக்கிறார்.  "உம்மைப் பிடிச்சு வைக்கமாட்டன், அரூ. போன கிழமையிலையிருந்து ஓரத்து நிழலும் குறைஞ்சு வருது. அது உம்மட கணக்கில்லை, என்ர கணக்கு."

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான்.  பிறகு போய் யன்னலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டெனிஸ்டன் போன அன்று பின்னேரமும், பஸ் பிந்துகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் இப்படித்தான் நின்றேன்.

ஆடி 18, வியாழன்

பை கட்டிவிட்டேன். பாஸ்போட், பெர்மெசோ, சின்யோரா கைப்பட எழுதித் தந்த கடிதம். அமலினி எல்லாவற்றையும் மூன்று மூன்று படி எடுத்து வந்தாள். ஒன்று பையில், ஒன்று சறோஜாவிடம், ஒன்று சட்டைக்குள் ஊசி குத்தி. இறக்கிவிட்டால் உடம்பில் ஒரு கடதாசியாவது இருக்க வேண்டும். அவனிடம் இருக்கவில்லை.

நாளைக்கு மறுநாள் விமானம். போகாமல் விட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

ஆடி 25, வியாழன். கவன்

வந்து ஐந்து நாள். கை இன்றுதான் எழுதச் சரிவந்தது.

காலையில் ஷனன் என்ற பெரிய ஆறு பிறக்கிற இடத்துக்குக் கஸ்பாரே கூட்டிப்போனார். எல்லைக்குக் கிட்ட, ஒரு மலையின் அடிவாரம். ஆறு என்று போனால் ஒரு வட்டக் குட்டை. சின்யோராவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். "சொல்லும்" என்றார். "கறுப்புத் தண்ணி. கீழையிருந்து ஆரோ தள்ளுற மாதிரி நடுவிலை மெல்ல அசையுது. சத்தம் இல்லை. ஒரு பக்கத்தாலை சின்ன வாய்க்காலா வெளிக்கிடுது, நான் தாண்டலாம்." குனிந்து அவருடைய கையைத் தண்ணீரில் வைக்கப் பண்ணினேன். நாட்டிலேயே நீளமான ஆறு இதுதான் என்று தண்ணீருக்கே பாடம் நடத்தினார். கையை எடுக்க மனமில்லை அவருக்கு.

திரும்பி வரும்போது மழை. ஒரு வளைவு திரும்ப, ரோட்டில் சிவப்பு விளக்கு, சீருடை. இரண்டு பேர். காரை மறித்தார்கள்.

அதற்குப்பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கார் சரியாக நிற்கவும் இல்லை, கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். எங்களூரில் அப்படித்தானே, இறங்கி நடக்க வேண்டும். ரோட்டோரம் போய் நின்று, பாஸ்போட்டை வலது கையில் உயர்த்திப் பிடித்து, பையை இரண்டாக விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். சீப்பு, செபமாலை, கைலேஞ்சி எல்லாம் நனைகிறது.  கஸ்பாரே "அரூ, அரூ" என்று கூப்பிடுவது கேட்கிறது, திரும்ப முடியவில்லை.

பொலிஸ்காரன் நல்ல உயரம், நரைத்த மீசை. என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்னால் கார்க் கதவுச் சத்தம். "அரூ, எங்கை நிக்கிறீர்?"  சின்யோரா காரைத் தடவித் தடவி வந்தார். என் தோள் கையில் பட்டதும் நின்றார். கையால் என் பையைத் தடவினார், விரித்துப் பிடித்திருப்பது தெரிந்தது.  தன் கைப்பையைத் திறந்து, என்னைப் போலவே நீட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

இரண்டு கிழவிகள், மழைக்குள், பையைத் திறந்துகொண்டு.

பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். பையை அவன் பார்க்கவே இல்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி எங்கள் இரண்டு பேருக்கும் மேலால் பிடித்து, ஏதோ மெதுவாகச் சொல்லிச் சொல்லிக் கார்வரைக்கும் கூட்டி வந்தான். மாட்டைக் கொட்டிலுக்குள் அழைக்கிறவனின் குரல். கதவைச் சாத்திவிட்டு, கஸ்பாரேயிடம் மீன் பட்டதோ என்று கேட்டானாம். அவ்வளவுதான். அனுப்பிவிட்டான். என்னைத் திரும்ப ஏற விட்டான்.

கார் வெளிக்கிட்ட பிறகு வாய்விட்டு அழுதேன். ஆறு வருடத்து அழுகை. சின்யோரா என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கனதூரம் வந்த பிறகுதான், "வெளியிலை என்ன?" என்றார்.

"மாடு" என்றேன். "ஈர மாடு."

ஆடி 27, சனி

விடியத் தொடங்கி அடைமழை. கஸ்பாரே யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு இடமும் இல்லை என்று திரும்பவும் படுக்கப் போய்விட்டார். சின்யோராவுக்குச் சப்பாத்துப் போட்டு, கழுத்துத் துணி சுற்றி இருத்திவிட்டு, நான் போய்க் கஸ்பாரேயின் கதவைத் தட்டினேன். அந்தக் கோட்டை ஏரியை இன்னும் காட்டவில்லை, எழும்பிக் காரை எடுங்கோ என்றேன்.